மூழ்கிய படகு கிடந்த இடம்

நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. காரைக்காலில் செல்போன் பழுது பார்த்து, பிறகு படகுகளில் வைக்கிற ஜிபிஎஸ் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்து, அப்படியே புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டவன். அந்தத் தைரியம்தான் கெடுத்தது.

எங்கள் பக்கத்துப் படகுகளில் மூன்று கம்பெனிப் பெட்டிகள் ஓடுகின்றன. மீன் படுகிற இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். பாறை, மூழ்கிக் கிடக்கிற படகு என்று வலையைக் கிழிக்கிற இடத்தை மட்டும் எல்லாருக்கும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு பெட்டியில் பதிந்ததை இன்னொரு பெட்டி படிக்காது. "எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்துக் குடேன் தம்பி" என்று கேட்டார், கிளிஞ்சல்மேட்டு அண்ணன் ஒருவர். ஒரு ஃபைபர் படகும் ஒரே ஒரு வலையும் வைத்துப் பிழைப்பவர்.

முதலில் முறையாகத்தான் போனேன். மூன்று கம்பெனி ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். எல்லாருக்கும் ஒரே ஃபைல் வடிவம் வேண்டும் என்பதில் அப்படி ஒரு ஒற்றுமை. யாருடைய வடிவம் என்றதும் ஒருவர் சொன்னார்: "எங்களுதுக்கு எல்லாரும் மாறிக்கட்டும் சார். நாங்க குறுக்கே நிக்க மாட்டோம்." மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். வடை நன்றாக இருந்தது.

பிறகு நானே எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கோத்தேன். கடலில் இடத்தை டிகிரி, நிமிடம் என்று அளப்பார்கள். நிமிடத்துக்கு அடுத்த எண்ணை ஒரு பெட்டி விநாடியாக எழுதும். இன்னொன்று நிமிடத்தில் நூற்றில் எத்தனை பங்கு என்று எழுதும். அறுபதைத் தாண்டினால் விநாடி இல்லை என்று தெரிந்துவிடும். மூழ்கிய படகுக்கு வந்த எண் நாற்பத்தைந்து. விநாடி என்று எடுத்துக்கொண்டேன். இடத்தைக் குறித்துக் கொடுத்த படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அண்ணன் என் பட்டியலை நம்பி அந்த இடத்தை ஒதுக்கினார். அரை கிலோமீட்டர் தள்ளி வலை விட்டார். மறுநாள் காலையில் ஒரு கைப்பிடி கிழிந்த வலையோடு கடைக்கு வந்தார்.

"ஒம் பட்டியலு காட்டுன எடத்துல ஒண்ணுமில்ல தம்பி, சுத்தமான கடலு. நான் வலை விட்ட எடத்துலல்ல அந்தப் படகு கெடக்கு! வலை போய் மாட்டிக்கிச்சு."

"அறுத்துட்டீங்களாண்ணே?"

"அறுக்காம? என்னையுமில்ல கூப்புடுது உள்ள."

அந்த நாற்பத்தைந்து விநாடி இல்லை, நூற்றில் நாற்பத்தைந்து பங்கு. அந்தப் பெட்டியின் கம்பெனிக்குப் போன் போட்டேன். "எங்க கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கோமே சார்" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். மூன்று கையேட்டிலும் தெளிவாகத்தான் இருந்தது, அவரவர் பெட்டிக்கு.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணனையும் அழைத்தேன். "நான் வந்து என்ன பண்ண? கிழிஞ்ச வலைய விரிச்சுக் காட்டவா? போ தம்பி" என்றார். நானே போய்ச் சொன்னேன். "நல்ல உதாரணம் சார், அறிக்கையில சேத்துக்கலாம்" என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

வலை போனதால் அண்ணன் இப்போது மச்சான் படகில் மீனில் பங்குக்குப் போகிறார். அந்தப் படகில் என் பட்டியலை ஏற்ற அவரே விடவில்லையாம். தப்பைத் திருத்திவிட்டேன் என்று சொல்ல அவர் வீட்டுக்கே போனேன்.

"திருத்தியிருப்பே, தெரியும்" என்றார். "ஒக்காரு, டீ குடிச்சிட்டுப் போ."