சிறிய அலகும் மிளகாய்த் தோட்டமும்

நான் கல்லூரியில் கற்றுப் பட்டம் பெற்றவன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறுப்பான பதவி வகித்து ஓய்வு பெற்றவன். கிளிநொச்சியில் என் சொல்லுக்கு மதிப்பிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மகளின் கலியாணம் நிச்சயமானபோது, முன் ஹோலில் சுவரும் சீலிங்கும் சேரும் விளிம்புக்கு மரத்தில் வளைவுச் சட்டம் செய்து பொருத்த விரும்பினேன். மரத்தில் வளைவு செதுக்கும் ரூட்டர் இயந்திரமும் அதில் பொருத்தும் வெட்டலகுகளும் முன்பே என்னிடம் இருந்தன. போரால் மின்சாரம் இல்லை, அரிதாகக் கிடைத்த மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்தான்.

"அத்தான், பெரிய அலகைப் போடுங்கோ. ஒரே இழுவையில முடிஞ்சிடும்," என்றார் மனைவியின் தம்பி. "நாளைக்கு வீட்டுக்கு ஓடு மிஞ்சுமோ தெரியாது, நீங்கள் ஓரத்துக்குப் பூவேலை பாக்கிறியள்."

கழிவுத் துண்டொன்றில் பெரிய அலகை ஓட்டிப் பார்த்தேன். ஜெனரேட்டர் திணறியது; வேகம் குறைந்து முதிரை மரப் பலகை கருகியது. எனவே சிறிய அலகுகளைத் தெரிந்தெடுத்து, வளைவைச் சிறிது சிறிதாக வெட்டினேன். சட்டம் வழுவழுப்பாக வந்தது. ஆனால் மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரத்துக்கென வைத்திருந்த மண்ணெண்ணெயும் அதில் தீர்ந்தது.

"இனித் தோட்டத்துக்கு என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டார்.

"நான் இறைக்கிறன்," என்றேன்.

கலியாணம் வரை காலையும் மாலையும் கிணற்றிலிருந்து வாளியால் அள்ளி ஊற்றினேன். வந்தவர்கள் அந்தச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்களா என்று கவனிக்கவும் இயலாத களைப்பு.

மர அலங்காரத்துக்காகத் தோட்டத்தைக் காயவிட்டேன் என்று பின்னர் சிலர் கூறினர். அது உண்மையன்று. தோட்டம் காயவில்லை.