அசையாச் சொத்தான புறாக்கள்

பள்ளியின் கடைசிப் பரீட்சையான பக்கலொரேயாவில் தேறியதும், சட்டம் படிக்கப்போவதாக வீட்டில் சொன்னேன். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"வெள்ளக்காரன் கப்பலேறிப் போயிட்டான். அவன் சட்டத்தப் படிச்சிட்டு யாருகிட்ட வாதாடப் போற?"

"அவன்தான் போனாம்பா. சட்டம் இங்கதான் இருக்கு. கோர்ட்டுல இன்னமும் பிரெஞ்சுலதான் பேசுறாங்க."

அது நியாயமாகப் பட்டதோ, பசி வந்துவிட்டதோ, அப்பா சாப்பிட எழுந்துபோனார். நானும் சேர்ந்துவிட்டேன்.

முதல் வருஷம் சொத்துகளைப் பற்றிய பாடம். வீடும் நிலமும் அசையாச் சொத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரெஞ்சுக்காரன் அதோடு நிறுத்தவில்லை. குளத்தில் வளர்க்கும் மீனும், வீட்டோடு கட்டிய கூண்டில் வளர்க்கும் புறாவும்கூட அவனுக்கு அசையாச் சொத்து. முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் இந்த அதிசயத்தைச் சொன்னேன்.

"அசையாத மீனா? மோந்து பாத்து வாங்குடா" என்றாள்.

அந்த மாதமே எனக்கு முதல் கட்சிக்காரர் கிடைத்தார். உப்பளத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டை வாங்கியவர்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் பெறுபவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய். வீட்டை விற்ற ஜவுளிக்கடைக்காரர், மாடிக் கூண்டில் இருந்த புறாக்களைக் கூடையில் அடைத்து முத்தியால்பேட்டைக்குக் கொண்டுபோய்விட்டாராம்.

"தம்பி, புறாவையும் சேத்துதான் வீட்ட வாங்கினேன். சட்டம் என்னா சொல்லுது?"

சட்டப் புத்தகம் முழுவதிலும் எனக்கு நெட்டுருவாகத் தெரிந்தது அந்த ஒரு பிரிவுதான். பிரெஞ்சில் ஒப்பித்தேன். சொல்தா எழுந்து விறைப்பாக நின்று கேட்டார். முடிந்ததும் இருவரும் முத்தியால்பேட்டைக்குக் கிளம்பினோம்.

ஜவுளிக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"புறா அசையாச் சொத்துன்றீங்க."

"ஆமாங்க."

"அது பறக்குதே தம்பி."

"பறந்தாலும் அசையாச் சொத்துதாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அசையுதா இல்லையான்னு நீங்களே பாருங்க" என்று கூண்டைத் திறந்துவிட்டார். புறாக்கள் வெளியே வந்தன, தெருவுக்கு மேலே ஒரு வட்டம் அடித்தன, நேராகத் தெற்கே பறந்தன. அவர் கூண்டுக் கதவைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம்.

உப்பளம் வந்து பார்த்தால், சொல்தா வீட்டு மாடிச் சுவரில் அத்தனையும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான் பிரெஞ்சில் சட்டம் சொல்லிப் புறாக்களை அனுப்பிவைத்ததாக சொல்தா தெருவெல்லாம் பரப்பிவிட்டார். மறுவாரமே காணாமல் போன ஆட்டுக்காக ஒருவர் வந்தார். கோபித்துக்கொண்டு காரைக்காலுக்குப் போன மருமகனை வரவழைக்க வழி கேட்டு ஓர் அம்மாள் வந்தார். நான் உள்ளறையில் ஒளிந்துகொண்டேன். வாசலில் அப்பாதான் அவருக்குப் பதில் சொன்னார்.

"மாப்ள சமாச்சாரம்லாம் ரெண்டாம் வருஷப் பாடம்மா. அடுத்த வருஷம் வாங்க."

இரண்டாம் வருஷப் புத்தகத்தை நான் அட்டையிலிருந்து அட்டைவரை தேடினேன். மாப்பிள்ளையை எந்தச் சொத்திலும் சேர்க்கவில்லை.