சுவரில் சாய்த்த மரம்

அன்றைக்கு அந்தப் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, ஏழு வயது மகள், வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு வங்காளி அக்கா. அக்காவின் ஆடு ஒன்றும் வாசற்படியில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வீட்டுக்காரர் இப்போது, “நான் அப்ப அங்க இல்லவே இல்ல” என்று போர்ட் பிளேரில் எங்கள் கராச்சர்மா கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன். இருந்தார். நீலக் கட்டம் போட்ட லுங்கியில், கையில் குடையோடு, என் மகள் அழுதபோது அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அருப்புக்கோட்டையில் தையல் கடை வைத்திருந்தேன். என் மனைவி படித்தவள். பரீட்சை எழுதி மத்திய அரசு வேலை வாங்கினாள், முதல் போஸ்டிங்கே போர்ட் பிளேர். “மூணு வருசம்தாங்க. சர்ருனு ஓடிரும்” என்றாள். கடையைக் காலி செய்து, மிஷினையும் பாத்திரங்களையும் பெரிய மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்பிவிட்டு நாங்கள் விமானத்தில் வந்தோம். பெட்டி ஹேடோ துறைமுகத்துக்கு வந்து சேரும்வரை எங்களிடம் இருந்தது ஒரு குக்கர், இரண்டு பாய், என்னுடைய பயம்.

பயம் எனக்குப் பிறவிக் கோளாறு. ஊரில் இருக்கும்போதே மனைவி வருகிற பஸ் ஒரு மணி நேரம் தாமதமானால் நான் போய் ஸ்டாண்டில் நிற்பேன். இங்கே வந்த பிறகு கேட்கவே வேண்டாம். நிலம் ஆடுமா, கடல் வருமா, கழிமுகத்தில் முதலை இருக்கிறதாமே, குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து பீச்சுக்குக் கூட்டிப் போவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மனைவி முதலில் பதில் சொன்னாள், பிறகு சிரித்தாள், கடைசியில் தலையை மட்டும் ஆட்டினாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் உண்மையாகவே பயப்பட வேண்டியதைச் சொல்லும்போது யாரும் காதில் வாங்குவதில்லை. இதுதான் என் கோபத்தின் முதல் பாதி.

மறு பாதி, “பழகிடும்” என்கிற சொல்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போனோம். கண்ணுக்கே தெரியாத மணல் கொசு. சாண்ட்ஃப்ளை என்கிறார்கள். மூன்று பேருக்கும் முழங்காலுக்குக் கீழே அம்மை போட்டதுபோல் கடித்து வைத்துவிட்டது. மகள் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரர் பார்த்தார். “புதுசா? ஆதத் ஹோ ஜாயேகா, பழகிடும்” என்றார். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும் என்றபோது, பழகிடும். கப்பல் வரவில்லை, தக்காளி விலையைத் தொட முடியவில்லை என்றபோது, பழகிடும். அரிசி டப்பாவில் எறும்பு, கதவு நிலையில் கரையான், குளியலறையில் உள்ளங்கை அளவு சிலந்தி. பழகிடும், பழகிடும். எதற்கெல்லாம் நாங்கள் பழக வேண்டும்? சிலந்திக்கா? அது எங்களுக்குப் பழகக் கூடாதா?

என் மனைவி விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுவிட்டுத்தான் பஸ் பிடிப்பாள். ஊரிலிருந்து கல்மாவு இரண்டு பாக்கெட் கொண்டுவந்திருந்தாள். மழை தொடங்கிய வாரத்தில் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் முந்தின நாள் கோலத்தில் பாதியைக் காணவில்லை. மிச்சத்தில் பசைபோல் கோடுகள். ஓரத்தில் என் முஷ்டி அளவுக்கு நத்தைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நான் உப்பை அள்ளிப் போட்டேன். அவை நுரைத்து வழிந்ததைப் பார்த்து என் மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்திலிருந்து வந்தது. அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழும் இந்தியும் ஒரே வாயில் வரும்.

“அரே தம்பி, சுண்ணாம்புக் கல்லுனா இதுங்களுக்கு உசுரு. ஓடு கெட்டியாகும்ல! மெயின்லேண்டுலேர்ந்து தீனி கொண்டாந்து போட்டிருக்கீங்களே, பஹுத் அச்சா!”

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை விஷயம் தெரிந்த மனிதர் என்று மரியாதைகூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

வீடு சரிவில் கட்டிய வீடு. முன்பக்கம் சிமெண்ட். பின்னறைக்கு மட்டும் தரையிலிருந்தே பலகைச் சுவர், தகரக் கூரை. மகள் படுப்பதும் படிப்பதும் அங்கேதான். பலகையின் அடிப்பகுதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. தரைக்கும் பலகைக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி, சுவர் நீளத்துக்கு. வாடகை பேசிய அன்றே காட்டினேன்.

“அது காத்து வர்றதுக்கு தம்பி.”

“காத்து மட்டுமா அண்ணே வரும்?”

“டென்ஷன் மத் லோ. மழைக்கு முன்னால சிமெண்ட் போட்டுத் தர்றேன். ஜபான் தேதா ஹூ, என் வாய்ச்சொல்லு.”

மழை வந்தது. சிமெண்ட் வரவில்லை. கேட்டால் மணல் கிடைக்கவில்லை என்பார். இந்தத் தீவில் மணல் கிடைப்பது கஷ்டம்தான், அது பொய்யில்லை. நான் துணியைச் சுருட்டி அடைத்துப் பார்த்தேன். துணி நனைந்து நாறியது. அந்தச் சமயத்தில்தான் மரப்பெட்டி வந்து சேர்ந்தது. பொருட்களை எடுத்த பிறகு பலகைகளை என்ன செய்வது என்று நின்றுகொண்டிருந்தபோது வீட்டுக்காரரே யோசனை சொன்னார்.

“தூக்கிப் போட்றாதீங்க. வெளிப் பக்கமா அந்தச் சுவத்துல சாச்சு அடுக்கிடுங்க. சந்தும் அடைஞ்சிடும், தகரத்துக்கு அடியில மரமும் நனையாது. அப்புறம் எனக்கு கோழிக்கூட்டுக்கு ஆகும்.”

நான் அடுக்கினேன். ஒவ்வொரு பலகையாக, இடைவெளி தெரியாமல், தையல்காரன் மடிப்பு வைப்பதுபோல் நேர்த்தியாக அடுக்கினேன். அன்றைக்கு இரவு நிம்மதியாகத் தூங்கினேன். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்து ஏதோ சொன்னார். கையை நீட்டி, பலகையைக் காட்டி, வேண்டாம் என்பதுபோல் ஆட்டினார். எனக்கு அப்போது இந்தி வராது. மரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, “வீட்டுக்காரருக்கு, வீட்டுக்காரருக்கு” என்று மாடியைக் காட்டினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் பலகைகளைப் பார்க்க வந்தார், கோழிக்கூடு கட்டப் போவதாக. நான் அவரோடு பின்பக்கம் நின்று முதல் பலகையை நகர்த்தினேன். அடியில் ஈரம், கறுப்பாகப் பூஞ்சை. இரண்டாவதை நகர்த்தும்போதே உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. அலறல் இல்லை. மூச்சு உள்ளே போய் வெளியே வராத ஒரு சத்தம். அதன் பிறகுதான் அலறல்.

ஓடினேன். பாயில் உட்கார்ந்திருந்தவள் வலது காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாயின் ஓரத்தில் ஒரு பூரான். நம் ஊர்ப் பூரானை மறந்துவிட வேண்டும். ஒரு சாண் நீளம், விரல் கனம், சிவப்புக் கறுப்பு உடம்பு, மஞ்சள் கால்கள். வாழ்க்கை முழுக்க எதற்காகப் பயந்து தயாராகிக்கொண்டிருந்தேனோ அது வந்தபோது என் கால் நகரவில்லை.

வங்காளி அக்காதான் சத்தம் கேட்டு வேலியைத் தாண்டி வந்தார். கையில் தேங்காய் வெட்டுகிற பெரிய கத்தி. ஒரே போடு. பூரான் இரண்டானது, இரண்டும் ஓடின. காலால் மிதித்துத் தேய்த்தார்.

“தாதா! கரம் பானி! ஜல்தி!”

என்னை அண்ணன் என்று கூப்பிட்டு வெந்நீர் கேட்கிறார். என் மனைவி அடுப்புக்கு ஓடினாள். குழந்தை, “அப்பா எரியுதுப்பா, அப்பா கால வெட்டிருப்பா” என்று கத்திக்கொண்டிருந்தாள். பொறுக்கிற சூட்டில் வெந்நீரை வாளியில் விட்டு அக்கா காலை முக்கிப் பிடித்துக்கொண்டார். கணுக்கால் என் கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர், அறை நடுவில் நின்று, குடையால் சுவரைக் காட்டிச் சொன்னார்.

“மழைக்காலத்துல சுவத்துல மரம் சாச்சா கங்கஜூரா வராம என்ன வரும்? இத்தனை மரத்த அடுக்கி வச்சிருக்கீங்க, தெரியாதா தம்பி?”

கங்கஜூரா என்றால் பூரான். என் மனைவி வாளிப் பக்கமிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதான சாச்சு வைக்கச் சொன்னீக?”

“நானா? நான் எதுக்கு சொல்றேன்? இங்க பொறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும் மேடம்.”

அந்த வார்த்தையைத்தான் நான் இன்றுவரை செரிக்க முடியாமல் இருக்கிறேன். இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். அப்படியென்றால் அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கஞ்சத்தனம் பட்டு, கோழிக்கூட்டுக்கு ஓசி மரம் நனையக் கூடாது என்று என் மகள் தலைமாட்டில் சாய்த்து வைக்கச் சொன்னார். அக்காவுக்கு எங்கள் தமிழ் புரியவில்லை. ஆனால் குடை எங்கே நீண்டது என்று பார்த்தார். வீட்டுக்காரரிடம் இந்தியில் பொரிந்து தள்ளினார். அவர் செருப்பைத் தேடினார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி போட்டு, இரவு அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள். டாக்டர் நல்லவர். “உயிருக்கு ஒன்றுமில்லை, வலி மட்டும் இருக்கும்” என்றார். மட்டும்! அந்த மட்டும் ஒரு வாரம் இருந்தது. குழந்தை தூக்கத்தில் காலை உதறிக்கொண்டு எழுவாள். நான் டார்ச் அடித்துப் பாயைச் சுற்றிப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக, “எதுக்கெடுத்தாலும் பயப்படுறீக” என்று என் மனைவி சொல்லவில்லை. ஆனால் அதற்கு நான் கொடுக்க வேண்டிய விலையா இது?

வேறு வீடு பார்க்கலாம் என்றேன். பார்த்தோம். அவள் ஆபீசுக்கும் மகளின் பள்ளிக்கும் தோதாக, எங்கள் கையில் இருக்கிற காசுக்கு, ஒரு வீடும் அமையவில்லை. “ஊருக்குப் போயிரலாமா?” என்று அவளே ஒருநாள் கேட்டாள். வேலையை விட்டுவிட்டா? இரண்டு பேருக்கும் பதில் தெரியும். மகள் அந்த அறைக்குள் போக மாட்டேன் என்றாள். எங்கள் இருவருக்கும் நடுவில், முன்னறையில், விளக்கை அணைக்காமல் படுத்தாள். அந்தச் சந்து மூடினால் ஒழிய அவள் அந்தப் பக்கம் போக மாட்டாள். வீட்டுக்காரரோ மாடிக் கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை.

மனைவியின் ஆபீஸ் பியூன் மூலமாக ஒரு தெலுங்கு மேஸ்திரி கிடைத்தார். மணலுக்குப் பதில் கல் குவாரித் தூள் போட்டுக் கட்டலாம் என்றார். பலகைகளை நானே தெருவுக்கு இழுத்துப் போட்டேன். அழுகின அடிப்பலகையை வெட்டி எடுத்து, மூன்று வரிசை ஹாலோ பிளாக் வைத்துப் பூசி, தண்ணீர் வழிய வெளியே வாய்க்கால் போட்டோம். நான் சிமெண்ட் குழைத்தேன். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். போன் எடுக்காதவருக்கு மேஸ்திரியின் கரணைச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

“யாரக் கேட்டு என் வீட்ட இடிக்கிறீங்க?”

“உங்க வீட்டுப் பூரானக் கேட்டேன். அதுதான் இடிக்கச் சொல்லுச்சு.”

“தேக்கோ தம்பி, மரியாதையாப் பேசுங்க.”

“மரியாதையாத்தான் மூணு மாசம் பேசினேன்! அண்ணே அண்ணேனு உங்க பின்னாடியே வந்தேன்! என் பிள்ள கால் வீங்கிக் கெடந்தப்ப எட்டிப் பாத்தீங்களா? எப்படி இருக்கானு ஒரு வார்த்தை?”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தெருவில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். வங்காளி அக்கா வேலியோரம் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் நாலு பேரையும் பார்த்தார். சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, “அரே, சண்டை எதுக்கு? டீக் ஹை. செலவக் கணக்குப் போட்டு வாடகைல கழிச்சுக்குங்க” என்றார்.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பில்லையும் கூலியையும் கூட்டி ஏழாயிரத்து இருநூறு என்று சொன்னேன். அடுத்த மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்து என் மனைவி வாடகை அனுப்பினாள். அதற்கடுத்த மாதம் அவர் மாடிப்படியிலிருந்தே அவளைக் கேட்டார், சிரித்துக்கொண்டே: “மேடம், வருசக் கடைசில இன்கம் டாக்ஸுக்கு வாடகை ரசீது கேப்பாங்கல்ல? யார் கையெழுத்துப் போடணும்?”

அவள் முழு வாடகையையும் அனுப்பிவிட்டாள். எனக்கும் அவளுக்கும் அன்றைக்கு நடந்த சண்டையை எழுத மாட்டேன்.

மகள் இப்போது பின்னறையில் படுக்கிறாள். செருப்பைத் தட்டிவிட்டுப் போடுகிறாள், தலையணையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் படுக்கிறாள், ஸ்கூல் ஷூவுக்குள் குச்சியை விட்டுக் குடைகிறாள். அக்காவிடம் இந்தியில் வாயடிக்கிறாள். தெருவில் பார்க்கிறவர்கள், “பாத்தீங்களா, பழகிட்டா” என்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஷூவுக்குள் குச்சி விட்டுப் பார்ப்பதற்குப் பெயர் பழகுவது இல்லை. நான் அவர்களுக்கு அதைச் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

வீட்டுக்காரரை நான் இன்னும் மாதம் பிறந்தால் மாடிப்படியில் மறிக்கிறேன். “ஆயேகா, வரும் தம்பி, எங்க போயிடப் போறேன்?” என்கிறார். சுவர் அவருடையது, நன்றாகவே நிற்கிறது. எனக்கு வரவேண்டியது இன்னும் ஆறாயிரத்து இருநூறு ரூபாய்.