ஜட்ஜும் மூன்று சென்சார்களும்

இருபத்திரண்டு வருடம் லாரி எலக்ட்ரீஷியனாக இருந்தவர் "தப்பு என்னுது" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு ஜட்ஜ் என்று பெயர். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்.

அந்தப் பத்துச் சக்கர லாரி மூன்று வாரத்தில் ஐந்து முறை நடுவழியில் அணைந்தது. இன்ஜின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்றது லேப்டாப். ஜட்ஜ் சென்சாரை மாற்றினார். அணைந்தது. மறுபடி மாற்றினார். மூன்றாவதும் பலிக்காதபோது தீர்ப்பையே மாற்றினார்: "வண்டியில ஒண்ணுமில்ல. ஓட்டுறவன் சரியில்ல."

ஓட்டுகிறவன் அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி.

லாரி முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள வண்டியில கோளாறுன்னு காட்டுங்க. இல்லன்னா நாளைக்கு வேற டிரைவர்."

மதியம் வீட்டில் ஜட்ஜுக்குச் சாப்பாடு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை. தட்டை வைத்த சத்தத்திலேயே மனைவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்தவர் வழக்கம்போல் லாரியின் கேபினை முன்பக்கமாகக் கவிழ்த்து, இன்ஜினை ஓடவிட்டு, வயரை ஆட்டிப் பார்த்தார். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடியது.

"பாத்தியா மாப்ளே? தங்கம் மாதிரி ஓடுது."

"கேபினைக் கவுத்து வச்சுக்கிட்டு எந்த ரோட்ல மாமா நான் ஓட்டுறேன்?"

கைக்கு வசதியாக இருக்கிறதென்று ஒர்க்‌ஷாப்பின் மேதைகள் அத்தனை பேரும் மூன்று வாரமாகக் கேபினைத் தூக்கிவைத்தே சோதித்திருந்தார்கள்.

இன்ஜினை நிறுத்திக் கேபினை இறக்கச் சொன்னார். டார்ச்சோடு லாரிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். கேபின் வந்து உட்காரும் இரும்புத் தாங்கியில் சென்சார் வயர் நசுங்கிக் கிடந்தது. தூக்கினால் விடுதலை, இறக்கினால் சிறை.

'எந்த மடையன் இங்கே கொண்டுவந்து கட்டினான்?' என்று கட்டைப் பார்த்தார். கறுப்பு டேப், மேலே சிவப்பு டேப், நுனி உள்ளே மடிப்பு. "இது என் கையெழுத்து" என்று அவரே பீற்றிக்கொள்ளும் கட்டு. போன மாதம் ஹாரன் வயர் மாற்றியபோது இந்த வயரையும் சேர்த்துப் போட்டது.

சத்தமில்லாமல் அவிழ்த்து, தள்ளிக் கட்டிவிடலாம். நாளைக்குப் புது டிரைவர் வருவான், வண்டி அணையாது, தீர்ப்பும் நின்றுவிடும். என்ன வசதி!

"மாமா, ஏதாச்சும் தெரியுதா?" மேலிருந்து வந்த குரலில் கிண்டல் இல்லை. பயம் இருந்தது.

ஜட்ஜ் டார்ச்சை அந்தக் கட்டின் மேலேயே பிடித்தார்.

"முதலாளியக் கூப்பிடு."

முதலாளி சட்டை அழுக்காகாமல் குனிந்து டார்ச் வெளிச்சத்தைப் பின்தொடர்ந்தார். "யார் கட்டுனது இது?"

"தப்பு என்னுது."

"கேக்கல மாமா," என்றான் மச்சினன். "கொஞ்சம் சத்தமா."

ஜட்ஜ் சத்தமாகச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறரைக்கு லாரி கிளம்பியது. மச்சினன்தான் ஓட்டினான்.