பெரியவளின் கழுத்து

பேருந்து நிலையத்து விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெரியவளிடம் யாரும் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்ததில்லை. பாதிக் கேள்வி கண்ணாடித் துவாரம் வழியாக உள்ளே வருவதற்குள் முழுப் பதிலும் வெளியே போய்விடும். எந்த வண்டி, எந்த மேடை, வழியில் எங்கே நிற்கும், கழிப்பறை எந்தப் பக்கம், எல்லாம் விரல் நுனியில். பதில் மனதில் பட்ட கணமே அவள் கழுத்து, வரிசையில் அடுத்து நிற்பவர் பக்கம் திரும்பிவிடும். வாய் மட்டும் இவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவன் நின்று சண்டை போடுவானா? அதனால் தனக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

வீட்டில் அவள் பெரிய மருமகள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். இருவருக்கும் ஒரே சமையலறை, ஒரே மாமியார், ஒரே தொலைக்காட்சி. சின்னவள் அழகு நிலையத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறாள். சிரித்த முகம், பதமான கை, யாரையும் கடிந்து பேசத் தெரியாது. பொது அறிவு என்று வந்தால் மட்டும், சூரியனுக்கும் நிலாவுக்கும் ஒரே சுவிட்சுதான் என்று சொன்னாலும் “அப்படியாக்கா?” என்று கேட்டுக்கொள்வாள். இது பெரியவளின் மதிப்பீடு. கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

வாரம் தவறாமல் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வி பதில் நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் பெரியவள் எல்லாப் பதிலையும் உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். “முந்திரிக்கொட்டை மாதிரி நீயே சொல்லிட்டா நாங்க எதுக்கு டிவி பாக்கணும்?” என்று மாமியார் ஒருநாள் வெடுக்கென்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு பார்ப்பாள். சின்னவள் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் பார்ப்பாள்.

அந்த நிகழ்ச்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது பெரியவளின் நெடுநாள் ஆசை. அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பித்தாள். ஒருமுறையும் கூப்பிடவில்லை. சின்னவள் சும்மா விளையாட்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்த்தாள். கூப்பிட்டுவிட்டார்கள்.

“முன் வரிசையில சொந்தக்காரங்க ரெண்டு பேர் உக்காரலாமாம். நீங்க வந்தே ஆகணும்க்கா. நீங்க இல்லேன்னா நான் மேடையேற மாட்டேன்,” என்றாள் சின்னவள்.

இதைக் கேட்டு வீடே உருகியது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தான் சாப்பிட உட்காரவேண்டிய இலையில் இன்னொருத்தி உட்கார, தன்னைப் பரிமாறக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் போனாள். இரண்டாவது கேள்வியிலேயே சின்னவள் மண்ணைக் கவ்வுவதைக் கண்ணாரப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அவளால் அடக்க முடியவில்லை.

சின்னவள் மண்ணைக் கவ்வவில்லை. தொகுப்பாளர் கேள்வியைப் படித்து, நான்கு விடைகளையும் நிறுத்தி நிறுத்தி வாசிப்பார். சின்னவள் சற்று நேரம் முன் வரிசையைப் பார்த்தபடி இருப்பாள், பிறகு மெல்லிய குரலில் ஒரு விடையைச் சொல்வாள். ஒவ்வொன்றும் சரி. பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன் ஜலதோஷத்தில் தும்மிக்கொண்டே கைதட்டினான்.

கடைசிக் கேள்வி, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பது. ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு என்று வாசித்தார்கள். சின்னவள் பார்வையாளர் உதவி கேட்டாள். அரங்கில் எல்லா நாற்காலியின் கைப்பிடியிலும் பொத்தான்கள் இருந்தன. பெரியவளுக்குப் பதில் மூன்று என்று தெரியும். இதற்குமேல் இவளை விட்டால் நம்மை யார் மதிப்பார்கள் என்று நினைத்தாள். யாருக்குத் தெரியப்போகிறது? எட்டு என்று அழுத்தினாள்.

எட்டுக் கைக்கு எட்டு இதயம் என்று அரங்கமும் கணக்குப் போட்டிருந்தது. திரையில் எட்டுக்கு நேரே கோடு விறுவிறுவென்று உயர்ந்தது. மூன்றுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஆளில்லை. தொகுப்பாளர் விடைகளை இன்னொரு முறை வாசித்தார்.

“மூணு,” என்றாள் சின்னவள்.

கார் பரிசு. வண்ணக் காகிதம் கொட்டியது. கொழுந்தன் தும்மவும் மறந்து அழுதான்.

அதற்குப் பிறகு பெரியவளுக்குத் தெருவில் நடப்பதே தண்டனையாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர், “உங்க வீட்டு அறிவாளி சௌக்கியமா?” என்று விசாரித்தார். கவுண்டருக்கு வந்த ஒருவர் வண்டி நேரம் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, “டிவில ஜெயிச்சவங்க உங்க வீடாமே? என்னா மூளை!” என்றார். அவருக்குப் பதில் சொன்ன மூளை எது என்று கத்தவேண்டும்போல இருந்தது. போதாக்குறைக்கு மாமியாரும் குறுக்கெழுத்துப் புதிரைச் சின்னவளிடம் நீட்ட ஆரம்பித்தார். பெரியவள் அன்று பாத்திரம் கழுவிய சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஊர் வாய் திறந்தது. அரங்கமே ஒரு பக்கம் நிற்க, நகச்சாயம் பூசுகிற பெண் எந்தத் தைரியத்தில் மறுபக்கம் போனாள்? கணவனின் தும்மல்தான் சைகை என்று சிலர் காணொளியை வெட்டி ஒட்டிப் போட்டார்கள். கொண்டைக்குள் கருவி இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். காரைக் கொடுக்காமல் நிறுத்திவைத்த தொலைக்காட்சி நிறுவனம், விசாரணைக்கு வரச்சொல்லி மூன்று பேரையும் அழைத்தது.

பெரியவளுக்கு வந்த சந்தோஷத்தை ஒளித்துப் பயனில்லை. ஆனால் தும்மலை அவள் நம்பவில்லை. கொழுந்தனுக்கே பதில் தெரியாதபோது அவன் தும்மி என்ன ஆகப்போகிறது? தன் வார விடுமுறை நாளில், வீட்டில் யாரும் இல்லாத மதியத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிகழ்ச்சியை ஓட்டிப் பார்த்தாள். தொகுப்பாளரின் புருவத்தைப் பார்த்தாள், பின் வரிசைக்காரரின் இருமலைக் கேட்டாள். ஒன்றும் சிக்கவில்லை. பிறகுதான் முன் வரிசையில் ஒரு பெண்ணின் கழுத்தைக் கவனித்தாள். சரியான விடையை வாசித்ததும் அந்தக் கழுத்து சட்டென்று பக்கத்து நாற்காலிக்குத் திரும்பியது. அடுத்த கேள்வியிலும் அப்படியே. ஆக்டோபஸிலும் மூன்று என்றதும் திரும்பியது.

அந்தக் கழுத்து அவளுடையது. கை பொய் சொல்லியிருக்கிறது, கழுத்து உண்மையைச் சொல்லிவிட்டது.

பெரியவள் சோபாவில் சாய்ந்துவிட்டாள். முதலில் கோபம் வந்தது, அப்புறம் கோபத்தை முந்திக்கொண்டு ஒரு பூரிப்பு வந்தது. அப்படியானால் ஜெயித்தது யார்? மருந்துக்கடைக்காரர் நலம் விசாரிக்கவேண்டியது யாரை? விசாரணையில் எழுந்து நின்று, “ஒவ்வொரு பதிலும் என்னோடது சார்” என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கார் போனால் போகட்டும். சின்னவளின் பெயர் கெட்டால் கெடட்டும். இந்த வீட்டில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பது ஊருக்குத் தெரியவேண்டும்.

விசாரணை அதிகாரி ஒல்லியான மனிதர். கொழுந்தனைத் தும்மச் சொல்லி, தும்மல் வராமல் போகவே அவனை வெளியே அனுப்பினார். பிறகு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு மருமகள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கடைசிக் கேள்விக்கு எப்படிம்மா தனியா அந்தப் பதிலைச் சொன்னீங்க?”

“தோணுச்சு சார்,” என்றாள் சின்னவள்.

“நீங்க முன் வரிசையைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க. அங்க இருந்தது உங்க வீட்டுக்காரரும் இவங்களும்தான்.” அதிகாரி பெரியவளிடம் திரும்பினார். “உங்களுக்குப் பதில் தெரியுமாம்மா?”

பெரியவள் வாயைத் திறந்தாள். நாலு நாளாக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கில் தயாராக நின்றது.

“அதுக்கு முன்னாடி,” என்று அதிகாரி கணினியைத் தட்டினார். “எந்த நாற்காலி எதை அழுத்துச்சுன்னு எங்ககிட்ட இருக்கு. உங்க நாற்காலி... எட்டு. தப்பு.”

சின்னவள் மெதுவாகப் பெரியவள் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது, பிறகு புரிந்துகொண்டது தெரிந்தது. பெரியவளுக்குக் காது மடல் கொதித்தது. எனக்குத் தெரியும் என்று இப்போது சொன்னால், தெரிந்தே எட்டை அழுத்தினேன் என்றும் சொல்லவேண்டும். என் ஓரகத்தியைக் கவிழ்க்கத்தான் அழுத்தினேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும்.

“சொல்லுங்கம்மா, தெரியுமா?”

“தெரியாது சார்.”

“மத்த கேள்விக்கெல்லாம்?”

“எனக்கு எங்க சார் தெரியும்.”

அதிகாரிக்கு நிம்மதி. தெரியாதவள் எப்படிச் சைகை காட்டமுடியும்? காரை விடுவிக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார். “வீட்ல ஒருத்தராவது விவரமா இருக்காங்களே, சந்தோஷப்படுங்க,” என்று பெரியவளுக்கு ஆறுதலும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

கொழுந்தன் கார் சாவி வாங்க ஓடினான். வாசல் படியில் இருவரும் தனியாக நின்றார்கள்.

“மூணுன்னு உங்களுக்குத் தெரியும்தானேக்கா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்க்கா எட்டை அழுத்தினீங்க?”

பெரியவளுக்கு இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை. “பொறாமைடி. வேற என்ன? நீ ஜெயிக்கிறதப் பாக்க முடியல.”

சின்னவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் படியில் உட்கார்ந்துகொண்டு தன் நகத்தையே பார்த்தாள்.

“நான் எதுக்கு அந்த நிகழ்ச்சிக்குப் போட்டேன்னு நினைக்கிறீங்க? கல்யாணமாகி வந்ததுலேர்ந்து, அந்த வீட்ல எதுன்னாலும் உங்களத்தான் கேப்பாங்க. மழை வருமான்னுகூட என்கிட்ட யாரும் கேட்டதில்ல. டிவி ஓடும்போது நான் டிவியவா பாத்தேன்? உங்களைத்தான்க்கா பாத்துக்கிட்டே இருப்பேன். இவங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் தெரியுதுன்னு பத்திக்கிட்டு வரும்.”

பெரியவளுக்கு மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அதையும் தாண்டி ஒன்று சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் தனக்கென்று மிஞ்சியது இந்தப் பொறாமை ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். அதிலும் சின்னவள்தான் அவளுக்கு முன்னால் வந்திருக்கிறாள்.