பக்கத்து இலைக்காரனைக் கேள்

எழுபதுகளின் நடுவில், லேக் கார்டன்ஸில் அக்கா வீட்டில் தங்கி டல்ஹௌசியில் டைப்பிஸ்டாக இருந்தேன். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. மிச்சத்தை டிராமில் கற்றேன். வெளியே யாராவது நல்லதாக ஒரு வாக்கியம் பேசிவிட்டால், அதை அக்காவிடம் நடித்துக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது.

அத்திம்பேர் எனக்கு ஒரு வரன் பார்த்திருந்தார். பாங்க் வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோவும் வந்துவிட்டது. நெற்றியில் ஒரு சுருள் முடி. தானாக விழுந்த மாதிரி தெரிவதற்கு அதைப் பாடாய்ப் படுத்தியிருப்பான். அவன் என்னைப் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

"ஆள் எப்படி?" என்று கேட்டேன்.

"சிகரெட் கிடையாது. பிராவிடண்ட் ஃபண்ட் உண்டு," என்றார் அத்திம்பேர். ஒரு மனுஷனைப் பற்றி அதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

மாடியில் ஒரு வங்காளிப் பெண் குடியிருந்தாள்; அவர்கள் வழக்கப்படி அவளைத் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். ஜாதவ்பூரில் ஆராய்ச்சி. பெண்ணுடம்பின் மேல் தங்களுக்கு எவ்வளவு பாத்தியதை இருப்பதாக வாலிபர்கள் நினைக்கிறார்கள் என்று அளக்கிறாளாம். "தெர்மாமீட்டரை எங்கே வைப்பே?" என்று கேட்டேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. வங்காளிப் பையன்கள் முடிந்து, தமிழ்ப் பையன்கள் வேண்டியிருந்தது; மொழிபெயர்க்க நான். பிரம்மச்சாரிகள் சாப்பிடும் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். சுருள்முடி அங்கேதான் சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரியும். நான் போனது ஆராய்ச்சிக்காக மட்டும் இல்லை.

முதலில் நேராகவே கேட்டோம். சினிமாவுக்கு டிக்கெட் எடுத்தவனுக்குக் கையைப் பிடிக்கும் உரிமை உண்டா? ஒருத்தி சிரித்துப் பேசினால் சம்மதம் என்று அர்த்தமா? கட்டிய பெண்டாட்டியானாலும் அவள் இஷ்டத்தைக் கேட்க வேண்டுமா? அத்தனை பேரும் மகான்கள். "ஸ்திரீன்னா தெய்வம்," என்றான் ஒருவன், வாயில் வடையோடு. சுருள்முடி அவனுக்கும் மேலே: "அவா மனசு நோகப்படாது, மேடம்."

தீதி என் காதில் முணுமுணுத்தாள்: "எனக்குப் பட்டம் கிடைக்காது. இவர்களுக்குக் கோவில்தான் கட்ட வேண்டும்."

பிறகு இலை போட்டார்கள். அந்த மெஸ்ஸில் அவரவருக்கென்று ஓர் இடம், வருஷக்கணக்காக அதே பக்கத்து இலைக்காரன். ஒருவனுடைய காதலும் வயிற்றுப்போக்கும் அடுத்தவனுக்கு அத்துப்படி. அவர்கள் ஒருவர் இலையை ஒருவர் எட்டிப் பார்த்து வம்பளப்பதைத் தீதி கவனித்துக்கொண்டே இருந்தாள். "கேள்வியை மாற்று. பக்கத்து இலைக்காரன் என்ன பதில் சொல்வான் என்று கேள்," என்றாள்.

அவ்வளவுதான், குழாய் திறந்துகொண்டது.

"இவனா? பஸ்ல லேடீஸ் சீட்டுன்னா மாமியாராத்து ஊஞ்சல்னு நெனப்பு!"

"போடா! ஆபீஸ் டெலிபோன்காரிக்கு ஒரு கட்லெட் வாங்கிக் குடுத்துட்டு, அவ இன்னும் சினிமாவுக்கு வரலேன்னு அழறயே, அதைச் சொல்லட்டுமா?"

மெஸ் மாமா ரச வாளியோடு நின்றுவிட்டார். "ஏண்டா, கட்லெட்டுக்கே இப்படின்னா, மசால் தோசை வாங்கிக் குடுத்தா குடித்தனமே நடத்தச் சொல்லுவியோ?"

சுருள்முடியின் முறை வந்தது. அவனுக்கு அடுத்த இலையில் ஒரு தடித்த இன்ஷூரன்ஸ்காரர். பெண்டாட்டியைக் கேட்க வேண்டுமா என்றால் இவர் என்ன சொல்வார் என்று சுருள்முடியைக் கேட்டேன்.

"இவர் என்ன, எவனைக் கேட்டாலும் அதான். தாலி கட்டியாச்சு. சொந்த வீட்டுக்குள்ள போறதுக்கு எவனாவது காலிங் பெல் அடிப்பானா?"

பந்தியே சிரித்தது. இன்ஷூரன்ஸ்காரர் மட்டும் அப்பளத்தை நொறுக்கியபடி, "என் பேர்ல ஏன்டா சொல்றே? உன் பேர்லயே சொல்லேன்," என்றார்.

நான் அதை வங்காள மொழியில் தீதிக்குச் சொன்னேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து வழக்கம்போல எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன், அவன் நெற்றிச் சுருளை ஒதுக்கிவிட்டுக்கொள்வது உட்பட. இந்த வரன் எனக்கு வேண்டாம் என்று முடித்தேன். அத்திம்பேர் பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசினார்: "ஆம்பளைகள் பந்தியில ஆயிரம் பேசுவா. அதுக்காக நல்ல இடத்தை விடறதா? இப்படிப் பார்த்தா உலகத்துல ஒருத்தனும் தேறமாட்டான்."

அக்கா காபியோடு வந்தாள். "அந்த தீதியை ஒரு நடை கீழே வரச்சொல்லுடி."

"எதுக்கு?"

"இவரைப் பத்தி இவரைக் கேக்க வேண்டாம். பக்கத்து இலைக்காரி நான் இருக்கேனே, என்னைக் கேக்கட்டும்."

அத்திம்பேர் கையில் பேப்பரின் பக்கம் புரளவே இல்லை. காபி ஆறி, ஆடை படிந்தது. கடைசியில் எழுந்து குடையை எடுத்தார். "அந்தப் பாங்க் பையனை ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் திரும்பும்போது பொழுது சாய்ந்து, லோட்ஷெடிங். காற்றுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தோம். மனுஷர் வாசற்படியில் நின்று, கரண்ட் இல்லாத பெல்லை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"கதவு திறந்துதானே இருக்கு, அத்திம்பேர்! உள்ளே வாங்கோ," என்றேன்.

அக்கா விசிறிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"இருடி," என்றாள். "இன்னொரு தரம் அமுக்கட்டும்."