காலி இடத்தில் நிறுத்திவிட்டு எழுபவர்

எண்பதுகளின் கடைசியில், பள்ளிபாளையம் பக்கத்து நூல் மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான உடம்பு. எந்நேரமும் சிவந்திருக்கும் கண்கள். அந்தக் கறுப்புத் திரையில் பதிவுகள் இருக்கும் ஓர் இடத்துக்குப் போக, அதன் நீண்ட பாதையை எழுத்தெழுத்தாக முழுவதும் தட்ட வேண்டும். விரல் ஓய்ந்துபோய், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்தைக் குறித்து வைத்திருந்தார். பஞ்சுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று. அதைத் தட்டினால் அங்கே போய் நிற்கலாம்.

டீ குடிக்க எழும்போதெல்லாம் ‘இசட்’ தட்டிவிட்டுத்தான் எழுவார். ஒருநாள் நானும் தட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

“ஏனுங்க, இது காலியா இருக்குதுங்களே?”

“காலியாத்தான் இருக்கோணுங்க. முன்னொருக்கா எல்லாத்தையும் அழின்னு தட்டுனதுல பஞ்சுப் பதிவு பூராவும் போயிருச்சு. மறுபடியும் ஏத்தி முடிக்க ஒரு மாசமாச்சுங்க. இங்க நின்னா, தப்பித்தவறி அழின்னு தட்டுனாலும் போறதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

“அழிச்சது யாருங்க?”

கண்ணைக் கசக்கிக்கொண்டார். “நாந்தானுங்க. டீ குடிச்சுப்போட்டு வந்து உக்காந்தேன். வேண்டாத பழைய பதிவுக் குப்பையில நிக்கறதா நெனப்பு. நின்னது பஞ்சுல. அசதிங்க, வேறென்ன.”

அடுத்த வருடம் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். மறுநாள் காலை அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அணைக்காமல் விட்டுப்போயிருந்த திரையில் கடைசியாக இருந்தது ‘இசட்’. இனி அங்கே அசதியோடு வந்து உட்காரப்போவது நான்தான் என்று அவருக்குத் தெரியும்.